கட்டத்துக்குள் கப்பல்

பள்ளிக்கூடத்தில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கப்பல் விளையாட்டு ஆடாதவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. கிராஃப் தாள் கிடைத்துவிட்டால் ராஜயோகம். பத்துக்குப் பத்து கட்டம், பக்கவாட்டில் எழுத்து, மேலே எண். அவனவன் தன் கட்டத்தில் ரகசியமாகக் கப்பல்களை வரைந்துகொண்டு, நடுவில் ஒரு புத்தகத்தை நிமிர்த்தி வைத்து மறைத்துக்கொண்டு, "சி நாலு" என்பான். எதிராளி "தண்ணி" என்று சிரிப்பான், அல்லது முகம் சுருங்கி "பட்டுடுச்சு" என்பான். எல்லாக் கப்பலையும் முதலில் மூழ்கடித்தவன் ஜெயித்தான். அவ்வளவுதான் விதி.

நான் விசாகப்பட்டினத்துக்கு வேலைக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. எங்கள் அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையன் ஒருவன், வயது பத்து, இதே விளையாட்டைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக்கொண்டு குடியிருப்பு மொத்தத்தையும் ஒரு கை பார்த்துக்கொண்டிருக்கிறான். "அங்கிள், ஒரு ஆட்டம்?" என்று கேட்டுக்கொண்டு வருவான். அவனை எப்படி மடக்குவது என்று தேடப் போய், தேடல் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. இந்தப் பதிவு அதனால் வந்தது. நீளமான பதிவு, டீயோ காபியோ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் விளையாட்டின் ஜாதகம். முதல் உலகப் போர்க் காலத்திலேயே இதைக் காகிதத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் 1931-ல் ஸ்டாரெக்ஸ் என்ற கம்பெனி 'சால்வோ' என்ற பெயரில் கட்டம் அச்சடித்த தாள்களைக் கட்டாக விற்றது. மில்டன் பிராட்லி கம்பெனி 1943-ல் 'பிராட்சைட்ஸ்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதே கம்பெனி 1967-ல் பிளாஸ்டிக் பலகை, குட்டிக் குட்டிக் கப்பல்கள், துளையில் செருகுகிற வெள்ளை சிவப்பு முளைகள் என்று போட்டு 'பேட்டில்ஷிப்' என்று விற்றதுதான் உலகம் முழுக்கப் பரவியது. வெறும் நோட்டில் ஓசியில் ஆடுகிற ஒன்றைப் பெட்டியில் போட்டுக் காசாக்கியவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

இனி நன்றாக ஆடுவது எப்படி என்ற சங்கதி. பெட்டியில் வருகிற கணக்குப்படி கப்பல்கள் ஐந்து: 5, 4, 3, 3, 2 கட்ட நீளங்கள். கூட்டினால் 17. நூறு கட்டத்தில் பதினேழைத் தேட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு மனம் போன போக்கில் சுட்டால் பதினேழும் கிடைத்து முடிக்கச் சராசரியாக 95 குண்டு ஆகும். அதாவது கடலையே தூர்வாரியாக வேண்டும்.

முதல் சூட்சுமம், சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பு வெள்ளையாகக் கட்டங்களை மனதில் பிரித்துக்கொள்வது. மிகச் சின்னக் கப்பலே இரண்டு கட்ட நீளம் என்பதால், எந்தக் கப்பலும் கறுப்புக் கட்டம் ஒன்றையாவது மிதித்தே ஆகவேண்டும். ஆகவே தேடும்போது கறுப்பில் மட்டும் சுட்டால் போதும், பாதிக் கடல் மிச்சம். இரண்டு கட்டக் கப்பல் முதலிலேயே சிக்கிவிட்டால் இன்னும் வசதி, மூன்று கட்டத்துக்கு ஒன்றாகத் தாண்டித் தாண்டிச் சுடலாம்.

இரண்டாவது, எல்லாக் கட்டமும் சமம் இல்லை. ஐந்து கட்டக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் அதை 6 விதமாக வைக்கலாம். பத்து வரிசை, பத்து நெடுக்கை, ஆக 120 விதம். இதில் மூலைக் கட்டத்தைத் தொடுகிறவை இரண்டே இரண்டு. நடுவில் இருக்கும் கட்டத்தைத் தொடுகிறவை பத்து. ஐந்து மடங்கு வித்தியாசம்! அதனால்தான் முதல் குண்டு நடுக்கடலில் விழ வேண்டும். ஒவ்வொரு "தண்ணி"க்குப் பிறகும் இந்த எண்ணிக்கை மாறும். சுற்றிலும் தண்ணீர் என்று தெரிந்துவிட்ட இடத்தில் பெரிய கப்பல் நுழைய இடமிருக்காது, ஆகவே அங்கே குண்டு வீண். ஒவ்வொரு தடவையும் மிச்சமிருக்கும் சாத்தியங்களை எண்ணி எண்ணிச் சுடும்படி கணினிக்குச் சொல்லிக்கொடுத்தால், 40 சொச்சம் குண்டில் ஆட்டத்தை முடித்துவிடுகிறது. பத்து வயதுப் பையன் இதை எண்ணுவதில்லை, ஆனால் கிட்டத்தட்ட இதைத்தான் கண்ணால் செய்கிறான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், "தண்ணி" என்பதும் ஒரு தகவல் என்பது. குண்டு வீணாகப் போய்விட்டதே என்று உச்சுக்கொட்டுகிறவன் தோற்பான். அங்கே இல்லை என்றால் வேறு எங்கே இருக்கலாம் என்று உடனே கட்டத்தைப் புதிதாகப் பார்க்கிறவன் ஜெயிப்பான்.

சரி, இதையே உயிரைப் பணயம் வைத்து ஆடினால் எப்படி இருக்கும்? ஆடியிருக்கிறார்கள். தரையில் கட்டம் போட்டு, சாக்பீஸ் கையில் எடுத்து ஆடியிருக்கிறார்கள்.

1942 ஜனவரி. இங்கிலாந்து ஒரு தீவு. சோறும் பெட்ரோலும் குண்டும் கப்பலில்தான் வரவேண்டும். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. சரக்குக் கப்பல்கள் கூட்டமாக, கான்வாய் கட்டிக்கொண்டு, பல நெடுவரிசைகளாக வரும். சுற்றிலும் கடற்படையின் காவல் கப்பல்கள் சில. அப்படியும் இரவில் கூட்டத்தின் நடுவில் இருக்கிற கப்பல் திடீரென்று வெடிக்கும். எங்கிருந்து சுட்டான் என்று யாருக்கும் தெரியாது. செத்துப்போனவர்களில் ஆயிரக்கணக்கான இந்தியர்களும் உண்டு. பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவர்கள், தளம் கழுவியவர்கள் என்று ஏராளமானவர்கள் 'லஸ்கர்' எனப்பட்ட நம்மவர்கள். கப்பலின் அடிவயிற்றில் வேலை செய்பவனுக்கு டார்பிடோ பட்டால் மேலே ஏறி வரக்கூட நேரமிருக்காது.

லிவர்பூலில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் நிலவறையில் இருந்துதான் அட்லாண்டிக் போர் நடத்தப்பட்டது. அதே கட்டடத்தின் மேல்மாடியில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரிக்கு அறைகள் கொடுத்தார்கள். காசநோய் வந்து 1938-ல் கடற்படையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். கப்பலில் ஏற்ற லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்த மனிதரைத்தான் போர் நெருக்கடியில் திரும்பக் கூப்பிட்டு, நீர்மூழ்கிகள் என்னதான் செய்கின்றன என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். உதவிக்குக் கொடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானவர்கள் ரென்கள், அதாவது கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். பலருக்கு வயது இருபதை ஒட்டித்தான். கடலுக்குப் போனவர்கள் கிடையாது. ஜீன் லெய்ட்லா என்பவர் கணக்குத் தணிக்கை படித்துக்கொண்டிருந்தவர். ஜேனட் ஓக்கெல் இன்னொருவர்.

இவர்கள் ஒரு பெரிய அறையின் தரை முழுக்கக் கோடு போட்டார்கள். பத்து அங்குலம் ஒரு கடல் மைல். மரத்தில் செய்த குட்டிக் கப்பல்கள். ஒரு சுற்று என்றால் கடலில் இரண்டு நிமிஷம். காவல் கப்பல் தளபதியாக ஆடுகிறவர் தரையைப் பார்க்க முடியாது. கித்தான் திரைக்குப் பின்னால் நின்று, சின்ன ஓட்டை வழியாக, நிஜக் கடலில் அந்த நேரத்தில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் பார்க்கலாம். நம் நோட்டுக்கு நடுவில் நிறுத்திய புத்தகம் ஞாபகம் வருகிறதா? காவல் கப்பல்களின் பாதையை வெள்ளைச் சாக்பீஸால் வரைந்தார்கள். நீர்மூழ்கியின் பாதையைப் பச்சைச் சாக்பீஸால் வரைந்தார்கள். காரணம், ஓட்டை வழியாகச் சாய்வாகப் பார்ப்பவர் கண்ணுக்குப் பழுப்புத் தரையில் பச்சை தெரியாது. இதை யோசித்தவருக்கு ஒரு சபாஷ்.

இந்தப் பலகையில் ராபர்ட்ஸ் முதலில் எடுத்துக்கொண்ட கேஸ், 1941 டிசம்பரில் ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பிய ஹெச்.ஜி. 76 என்ற கான்வாய். அதன் காவலுக்குத் தலைவர் ஜானி வாக்கர் (ஆமாம், அதே பெயர்தான், நக்கல் வேண்டாம்). ஒரு கப்பல் அடிபட்டதும் வாக்கர் தன் கப்பல்களுக்கு 'பட்டர்கப்' என்று ஒரு கட்டளை அனுப்புவார். எல்லாக் காவல் கப்பலும் கான்வாயிலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்ந்து, வெளிச்சக் குண்டு போட்டு, நீர்மூழ்கியை விரட்டித் தேட வேண்டும். நீர்மூழ்கி வெளியே தள்ளி நின்று சுட்டுவிட்டு ஓடுகிறது என்ற அனுமானத்தில் அமைந்த கட்டளை அது.

ராபர்ட்ஸும் இரண்டு பெண்களும் அதைத் தரையில் திரும்பத் திரும்ப ஆடிப் பார்த்தார்கள். நீர்மூழ்கியை வெளியே எங்கே வைத்தாலும், நடு வரிசைக் கப்பலை அந்த நேரத்தில் அந்த மாதிரி அடிக்க வழி சரியாகப் பொருந்தவில்லை. நாம் கட்டத்தில் செய்கிற அதே வேலைதான். இங்கே இருக்க முடியாது, இங்கேயும் முடியாது, அடித்துக்கொண்டே வா. மிச்சமிருந்த இடம் ஒன்றே ஒன்று. நீர்மூழ்கி கான்வாய்க்கு உள்ளே இருந்தது!

யோசித்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தியது. இரவில் அது தண்ணீருக்கு மேலே வருகிறது. மேலே ஓடும்போது அதன் வேகம் சுமார் 17 நாட். கான்வாய் ஏழெட்டு நாட்டில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கிற ஆஸ்டிக் என்ற கருவிக்கு மேலே மிதப்பது அகப்படுவது கஷ்டம். காவலர்கள் எல்லாரும் முன்னாலும் பக்கத்திலும் பார்த்துக்கொண்டிருக்க, இது பின்பக்கமாக நுழைந்து, வரிசைகளுக்கு நடுவே போய், கிட்டத்திலிருந்து சுட்டு, உடனே மூழ்கிவிடுகிறது. கான்வாய் அதன் தலைக்கு மேலேயே கடந்து போகிறது. பட்டர்கப் கட்டளைப்படி காவல் கப்பல்கள் எல்லாத் திசையிலும் வெளியே பாயும்போது, திருடன் நடு வீட்டில் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறான்.

மாற்று வழியையும் அதே தரையில் ஆடிக் கண்டுபிடித்தார்கள். அடிபட்டதும் வெளியே ஓடாதே. காவல் கப்பல்கள் கான்வாயின் பின்பக்கம் போய் வரிசை கட்டி, கான்வாய் விட்டுச்செல்கிற தண்ணீரை ஆஸ்டிக்கால் சலிக்க வேண்டும். மூழ்கியிருப்பவன் அங்கேதான் வெளிப்படுவான். இதற்கு 'ராஸ்பெர்ரி' என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலப் பேச்சுவழக்கில் உதட்டைப் பிதுக்கிப் 'புர்ர்' என்று பழிப்புக் காட்டுவதற்கு அந்தப் பெயர். ஹிட்லருக்கு ஒரு பழிப்பு என்று லெய்ட்லாதான் பெயர் சொன்னாராம். கட்டளைத் தளபதி அட்மிரல் பெர்சி நோபிள் அரைமனதாகப் பார்க்க வந்தவர், ஆட்டம் முடியும்போது முழு மனதாக மாறினார். கட்டளை எல்லாக் காவல் கப்பலுக்கும் போனது.

அதற்குப் பிறகு அந்த மேல்மாடி ஒரு பள்ளிக்கூடமாகவே ஆகிவிட்டது. போர் முடிவதற்குள் கிட்டத்தட்ட 5,000 அதிகாரிகள் வந்து ஒரு வார வகுப்பில் ஆடிவிட்டுப் போனார்கள். தாடி வைத்த, அட்லாண்டிக்கில் தண்ணி காட்டிய கேப்டன்கள் ஓட்டை வழியாகப் பார்த்துத் திணறும்போது, பக்கத்தில் நிற்கும் இருபது வயதுப் பெண் மெதுவாக, "இப்படித் திருப்பினால் எப்படி இருக்கும் சார்?" என்று எடுத்துக்கொடுப்பாராம். 1942 நவம்பரில் நோபிளுக்குப் பதிலாக வந்தவர் மாக்ஸ் ஹார்ட்டன். இவரே பழைய நீர்மூழ்கிக்காரர், 1914-ல் ஹேலா என்ற ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடித்தவர். அவர் நீர்மூழ்கியாக ஆட, எதிரே திரைக்குப் பின்னால் இருந்தவர் ஓக்கெல். ஐந்து ஆட்டம், ஐந்திலும் அட்மிரல் காலி என்று அந்தப் பிரிவைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். நீங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டீர்கள் என்று அட்மிரல் கோபித்துக்கொண்டதாகவும் கதை. தோற்றவன் சொல்வது எந்த நாட்டிலும் ஒன்றுதான்!

1943 மே மாதம் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. அதில் யு-954 என்ற ஒன்றில் ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸின் மகன் பீட்டர் இருந்தான். மே 24-ம் தேதி டோனிட்ஸ் தன் நீர்மூழ்கிகளை வட அட்லாண்டிக்கிலிருந்து பின்வாங்கச் சொன்னார்.

இதெல்லாம் சாக்பீஸால் மட்டும் நடந்தது என்று எழுதினால் பதிவு சுவையாக இருக்கும், ஆனால் அது நியாயம் இல்லை. புது ரேடார், நீண்ட தூரம் பறக்கிற லிபரேட்டர் விமானங்கள், எனிக்மா ரகசியச் செய்திகளை உடைத்தது, வயர்லெஸ் எங்கிருந்து வருகிறது என்று திசை பிடிக்கிற கருவி, இவை எல்லாம் சேர்ந்துதான் தராசு சாய்ந்தது. இதில் ராபர்ட்ஸின் பங்கு எத்தனை சதவீதம் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. என் கணிப்பு, கருவிகள் கண்ணைக் கொடுத்தன, அந்தத் தரை எங்கே பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தது. அதைக் கற்றுக்கொள்ளக் கடலில் ஒரு கப்பலும் மூழ்க வேண்டியிருக்கவில்லை. அப்படியும் அந்தப் பெண்களைப் பற்றி உலகம் பேச ஆரம்பித்தது ரொம்பப் பின்னால்தான்.

தேடுவதைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நோட்டு விளையாட்டில் எதிராளி "தண்ணி" என்றால் தண்ணிதான், சந்தேகமே இல்லை (அவன் பித்தலாட்டக்காரன் இல்லை என்றால்). நிஜக் கடலில் அப்படி இல்லை. 2009 ஜூன் 1-ம் தேதி ஏர் பிரான்ஸ் 447 விமானம் 228 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்தது. கறுப்புப் பெட்டி எழுப்பும் ஒலியை வைத்து முதலில் ஒரு பகுதியைத் தேடினார்கள், ஒலி கேட்கவில்லை, ஆகவே அங்கே இல்லை என்று முடிவுகட்டினார்கள். இரண்டு வருஷம் வேறு வேறு இடத்தில் தேடினார்கள். பிறகு கணிதக்காரர்கள் உட்கார்ந்து, அந்த ஒலிப்பான்களே கெட்டுப்போயிருந்தால் என்று ஒரு கேள்வியைச் சேர்த்து வரைபடத்தைத் திரும்பப் போட்டார்கள். பழைய பகுதி மறுபடி பிரகாசமாக எழுந்து வந்தது. 2011 ஏப்ரல் தொடக்கத்தில், தேடத் தொடங்கிய ஒரு வாரத்தில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் விமானம் கிடைத்தது. தேடிய இடத்தில் இல்லை என்பதும், தேடிய இடத்தில் எனக்குத் தெரியவில்லை என்பதும் வேறு வேறு.

இதுவரை தேடுகிறவன் கதை. ஆனால் ஆட்டத்தில் பாதி, ஒளித்துவைப்பது. இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை.

மேலே சொன்ன நடுக்கட்டம், மூலைக்கட்டம் கணக்கெல்லாம் எதிராளி கப்பல்களைக் கண்டபடி வைத்திருக்கிறான் என்ற நம்பிக்கையில் போட்டது. அவன் மனிதன். நீ நடுவில் சுடுவாய் என்று தெரிந்தால் ஓரத்தில் வைப்பான். ஓரத்தில் வைப்பான் என்று உனக்குத் தெரிந்தால் நீ ஓரத்தில் ஆரம்பிப்பாய். பக்கத்து வீட்டுப் பையனின் தந்திரம் இரண்டு கப்பலை ஒட்டி ஒட்டி வைப்பது. அடித்தவன் ஒரே கப்பல் என்று நினைத்துக் கணக்குத் தவறுவான். சிலர் ஒட்டி வைக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பார்கள், ஆடுவதற்கு முன் கேட்டுக்கொள்வது உத்தமம்.

ஒளிவதில் கில்லாடி என்றால் நம்மூர் அகராதிக்கே ஒரு வார்த்தையைக் கொடுத்துவிட்டுப் போன எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கதை எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன். எனக்குப் பிடித்தது அதன் நாலாவது புகைபோக்கி. எம்டனுக்கு இருந்தவை மூன்று. மரமும் கித்தானும் வைத்துப் பொய்யாக நாலாவதை நிறுத்திக்கொண்டு, தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியும்படி வேஷம் கட்டியது. அந்த வேஷத்தோடுதான் அக்டோபர் 28 விடியலில் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ஷெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. கட்டத்தில் "தண்ணி" என்று எழுதி ஒட்டிய கப்பல்!

இப்போது நான் குடியிருக்கிற ஊருக்கு வருகிறேன். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் சரக்குக் கப்பல்கள் தெரியும். அந்தத் தண்ணீரில்தான் 1971-ல் ஒரு பெரிய ஆட்டம் நடந்தது.

அன்று இந்தியாவிடம் இருந்த ஒரே விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். அதற்குக் கொதிகலன் ஒன்று பழுது, முழு வேகத்தில் ஓட முடியாது. பாகிஸ்தானிடம் வங்காள விரிகுடா வரை சுற்றி வந்து போரிடக்கூடிய நீர்மூழ்கி ஒன்றே ஒன்று, காஸி. அமெரிக்கக் கடற்படையில் டையப்ளோ என்ற பெயரில் இருந்தது, 1964-ல் பாகிஸ்தானுக்கு வந்தது. இந்தப் பக்கமும் ஒன்று, அந்தப் பக்கமும் ஒன்று. 1971 நவம்பர் 14-ம் தேதி காஸி கராச்சியிலிருந்து கிளம்பியது. குறி விக்ராந்த்.

இந்தியக் கடற்படையின் கிழக்குப் பகுதித் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். நாகர்கோவிலில் 1919-ல் பிறந்தவர். நொண்டுகிற கப்பலை வைத்துக்கொண்டு நீர்மூழ்கியோடு ஓடிப்பிடித்து ஆட முடியாது என்பது அவருக்குத் தெரியும். எதிரி வங்கக் கடலுக்கு வந்துவிட்டான் என்பதற்கும் துப்புக் கிடைத்தது. நீர்மூழ்கி மாதிரியான சில கப்பல்களுக்கே தேவைப்படும் ஒரு வகை எண்ணெயைப் பற்றிச் சிட்டகாங்குக்கு வயர்லெஸ் போனதைக் கேட்டு ஊகித்தார்கள் என்று இந்தியத் தரப்புக் குறிப்புகள் சொல்கின்றன. எண்ணெய் கேட்ட ஒரு வரியில் கட்டம் வெளியே தெரிந்துவிட்டது.

விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பி ஒளித்தார்கள். அந்த இடத்துக்கு எக்ஸ்-ரே துறைமுகம் என்று சங்கேதப் பெயர். வெறுமனே ஒளித்தால் எதிரி தேடிக்கொண்டே இருப்பான், ஆகவே இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்ட வேண்டும். ராஜ்புத் என்று ஒரு கிழட்டு டெஸ்ட்ராயர், இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் கப்பல், ஓய்வு கொடுக்க இருந்தார்கள். அதை விசாகப்பட்டினத்துக்கு வெளியே கடலில் நிறுத்தி, ஒரு பெரிய கப்பலுக்கு வருகிற அளவு வயர்லெஸ் செய்திகளை அனுப்ப வைத்தார்கள். ஊருக்குள் காய்கறி, மாமிசம் எல்லாம் பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவில் ஆர்டர் போட்டார்கள். விக்ராந்தில் இருக்கிற ஒரு மாலுமி தன் அம்மாவின் உடல்நிலையை விசாரிக்கிற மாதிரி ஒரு சாதாரணத் தந்தியைக்கூட ரகசியம் இல்லாமல் போக விட்டதாகக் கிருஷ்ணனே எழுதியிருக்கிறார். ராடாரும் குறியீடும் தராத நம்பிக்கையைக் கத்தரிக்காய் மூட்டையும் அம்மாவின் காய்ச்சலும் தந்துவிடும் என்று கணக்குப் போட்ட மனசு எப்பேர்ப்பட்டது!

டிசம்பர் 3 மாலை போர் வெடித்தது. அன்று நள்ளிரவு ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியே வரும்போது தண்ணீரில் ஏதோ சலசலப்பைப் பார்த்து, நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள் இரண்டைப் போட்டுவிட்டுப் போனது. பன்னிரண்டே காலுக்கு ஊரே அதிரும்படி ஒரு வெடிச்சத்தம். ஜன்னல்கள் கடகடத்தன. பிறகு மீனவர்கள் மிதந்து வந்த பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்தால், காஸி தரையில் கிடந்தது. உள்ளே இருந்த 90-க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

ராஜ்புத்தின் குண்டால் மூழ்கியது என்பது இந்தியக் கடற்படையின் நிலை. அது விதைத்துக்கொண்டிருந்த கண்ணிவெடியே வெடித்தது, அல்லது உள்ளே ஏற்பட்ட விபத்து என்பது பாகிஸ்தானின் நிலை. நம் பக்கத்திலேயே இதைப் பற்றி வாக்குவாதம் உண்டு. எது எப்படியோ, காஸி ஏன் விசாகப்பட்டினத்து வாசலில் வந்து நின்றது என்பதில் வாக்குவாதம் குறைவு. விக்ராந்த் அங்கே இருக்கிறது என்று அது நம்பியது. அந்தச் சமயத்தில் விக்ராந்த் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. டிசம்பர் 4 அன்று அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிக்கொண்டிருந்தன.

ஒரே வாரத்தில் ஆட்டம் மறுபக்கமும் திரும்பியது. டிசம்பர் 9 இரவு, குஜராத் கரைக்கு அப்பால் டையூ பக்கத்தில், ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கியைத் தேடிக்கொண்டு குக்ரி, கிர்பான் என்ற இரண்டு இந்தியக் கப்பல்கள் போயின. தேடப்பட்ட ஹங்கோர் அவற்றை முதலில் பார்த்துவிட்டது. முதலில் கிர்பானைக் குறிவைத்து விட்ட டார்பிடோ வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரியில் பட்டது. சில நிமிஷத்தில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா இறங்கவில்லை, கப்பலோடு போனார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒரு நீர்மூழ்கி போரில் மூழ்கடித்த முதல் போர்க்கப்பல் அது. டையூவில் கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிப் பெட்டிக்குள் குக்ரியின் சின்ன உருவம் ஒன்றை நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள்.

ஹங்கோரை இன்று கராச்சியில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். அதே 1971 போரில் இந்தியப் பக்கம் அரபிக் கடலில் ரோந்து போன குர்சுரா நீர்மூழ்கி, விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரை மணலில் ஏற்றப்பட்டு 2002-லிருந்து அருங்காட்சியகமாக நிற்கிறது. நீளம் 91 மீட்டர், உள்ளே நடக்கிற வழியில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும். மாலுமிகள் படுத்த அடுக்குக் கட்டில்களும் டார்பிடோ குழாய்களும் அப்படியே இருக்கின்றன. இந்தப் பக்கம் வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும்.